ஒழுங்குப்படி தொலைந்தவள்

இன்று எங்கள் பாச்சாங் தேவாலய மண்டபத்தில் அச்சு முறுக்கு பொரிக்கும் வாசனை. நாளை அறுப்புப் பண்டிகை. வாசலில் புதிய பதாகை: ‘அகதிகளை அரவணைப்போம்.’ அதைக் கட்ட ஏணி தேடினார்கள். நீ இருந்திருந்தால் உன் லாரியைக் கொண்டுவந்து, அதன்மேல் ஏறிக் கட்டியிருப்பாய். வாசகத்தைப் பற்றி ஏதாவது சொல்லி எங்களை நெளியவும் வைத்திருப்பாய்.

பண்டிகை ஏலம் விடுவது உன் வேலை. காணிக்கைப் பொருளை நீ உயர்த்திப் பிடித்தால், கொண்டுவந்தவர் எழுந்து நிற்க வேண்டும், சபை கைதட்டும். நீ ஏலம் விட்ட கடைசி ஆண்டு, சபை மூப்பர் வீட்டு முறுக்கு டின்னைத் தூக்கினாய். மூப்பரின் மனைவி எழுந்தார்.

“நீங்க கொண்டாந்தவங்க, அக்கா. சுட்டவங்க எங்க?”

சபை சிரித்தது. பின்வாசலில் மூப்பரின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயராணி எழுந்தாள். இலங்கையிலிருந்து வந்த அகதி. பக்கத்து ஊரான புக்கிட் காத்திலில் மூப்பர் வீட்டில் வேலை. அவளுக்கும் கைதட்டினோம். கைதட்டுவதில் நாங்கள் யாருக்கும் குறை வைத்ததில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் உன்னைப் பிடித்தாள்.

“அண்ணை, என்ர அகதி அட்டையை ஐயா பூட்டி வச்சிருக்கிறார். சம்பளமும் இல்லை. வெளியில விடமாட்டினம். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

அன்றே லாரியில் ஏற்றிவிடலாம் என்றாய். போதகர் உன் தோளைத் தொட்டு, வேதம் சொல்லும் ஒழுங்கை நினைவூட்டினார்: தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், கேட்காவிட்டால் இன்னும் ஓரிருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்கு. கமிட்டியில் எல்லோரும் ஆமென் என்றோம். நீ கீழ்ப்படிந்தாய்.

தனியாகப் போனாய். மூப்பர் உன்னை அன்போடு உட்காரவைத்தார்.

“வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கோம்லா. வீட்டுப் பிள்ளைக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா?”

அடுத்த வாரம் இரண்டாம் படிக்கு என்னையும் அழைத்துப் போனாய். மூப்பரின் மனைவி கதவைத் திறந்தார். “அவளா? ஜோகூர்ல தெரிஞ்சவங்க வீட்டுக்கு அனுப்பிட்டோம்.” எந்த வீடு என்று கேட்டாய். அவர்கள் நல்ல விசுவாசிகள் என்று மட்டும் பதில் வந்தது. போலீசில் புகார் கொடுத்தாய், அவளை அனுப்பிய வீட்டின் முகவரி கேட்டார்கள். மூன்றாம் படியாக விஷயம் சபைக்கு வந்தபோது அவளுக்காக உருக்கமாக ஜெபித்தோம். ஜெபத்தை நடத்தியவர் மூப்பர்.

லீவு கிடைத்தபோதெல்லாம் மோட்டார் சைக்கிளில் பக்கத்து மாநிலமான ஜோகூர் போய்த் தேடினாய்.

“அவ எங்க இருக்கான்னு ஆண்டவருக்குத் தெரியும்டா,” என்று சமாதானம் சொன்னேன்.

“தெரியும்லா. ஆனா அவருகிட்ட மோட்டார் இல்லையே,” என்றாய்.

அந்த மழைக்காலத்தில் உன் இருதயம் நின்றது. அடக்க ஆராதனையில் எல்லோரும் உன் கீழ்ப்படிதலைப் புகழ்ந்தார்கள். ஜெயராணி இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது வீட்டு ஜெபங்களுக்குப் போனால், தேநீர் கொண்டுவரும் வேலைக்காரப் பெண்ணிடம் பேர் கேட்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது அவ்வளவுதான். பதில் சொல்லுமுன் அவள் வீட்டுக்கார அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையோடுதான் வீடு திரும்புகிறேன்.