மருமகன் சுவரில் ஈரம், மாமன் வாயில் பணிவு

அருமை மருமகனுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் அத்தையும் சுகம் என்றே நினைக்கிறேன், மூன்று நாளாக என்னிடம் பேசாததால் பாத்திரச் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே உன் இருமல் ஓடிப்போய் நீ சுகமாயிருக்க வேண்டும்.

உன் அறைச் சுவரில் பூஞ்சை பூத்த படம் வந்தது. உலகப்படம் என்றே நினைத்தேன், எல்லாக் கண்டங்களும் இருந்தன. வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை நீட்டி, ஈரத்துக்கு நீதான் காரணம் என்று கையெழுத்துப் போடு, இல்லையேல் மாதக் கடைசிக்குள் காலி செய் என்று நிற்கிறார், பரீட்சையும் அதே வாரம், அந்தக் காகிதத்தில் ‘மாணவனின் மாமா ஒப்புக்கொண்டபடி’ என்று இருக்கிறதே, இது என்ன கூத்து மாமா என்று கேட்டிருந்தாய். அதுதான் எனக்கும் விளங்கவில்லையடா. போன வாரம் அவர் போன் செய்து, உங்க பையன் ரூம்ல கொஞ்சம் ஈரமா இருக்கு என்றார். பெரிய மனிதரிடம் நம் பிள்ளையை நாமே உயர்த்திப் பேசலாமா? அவன் ஒரு மக்குங்க, துவைச்ச துணிய அப்படியே மூலையில குவிப்பான், நீங்கதான் உங்க பிள்ளையா நெனச்சுக் கண்டிக்கணும் என்றேன். இப்படிச் சொன்னால் எதிராளி, சேச்சே, தங்கமான பையனாச்சே என்பதுதானே உலக வழக்கம்? அந்தப் பதிலுக்காகப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்!

முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்கிறவன் நான், என் பெயரைக் கேட்டால் தண்ணீர் மாடிப்படி ஏறும். ஆனால் உன் சுவர் என்னைக் கிறுக்கனாக்குகிறது. ஈரம் கூரை மூலையிலிருந்து இறங்குகிறது, ஆகவே மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் என்கிறது புத்தி. மேல்வீட்டுக்காரரோ தன் தரை காய்ந்து கிடக்கிறது என்கிறாராம். நீயோ நாலு மாதமாக ஜன்னலே திறக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதுகிறாய், அதை முதல் வரியில் எழுதினால் என்ன? ஒன்று செய். சாப்பாடு சுற்றும் அலுமினியத்தாளை ஒரு சாண் எடுத்துச் சுவரைத் துடைத்து நாலு ஓரமும் இறுக்க ஒட்டி இரண்டு நாள் விடு. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் சுவரின் குற்றம். உன்னைப் பார்த்த பக்கம் வியர்த்தால் அது மூடிய அறையின் ஆவி, நம் குற்றம், மரியாதையாக ஒப்புக்கொள்வோம். இரண்டு பக்கமும் நனைந்தால் என்னைக் கேட்காதே. எதுவானாலும் படம் எடுத்துக் கல்லூரியில் மாணவர் தங்குமிடம் பார்க்கும் அலுவலகத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. கட்டிலைச் சுவரைவிட்டு இப்போதே தள்ளிப் போடு.

வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் நான் எழுதிய முதல் கடிதம், மூன்று நாள் பிடித்தது. நான் போனில் சொன்னது பணிவுக்குச் சொன்ன பொய் என்றும், நீ உண்மையில் எப்படிப்பட்ட பிள்ளை என்றும் அதில் இருக்கிறது. உன் அம்மா படித்துவிட்டு, இதையெல்லாம் ஒரு நாளாவது அவன்கிட்ட சொல்லியிருக்கியாடா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையில் கொடுத்துவிடு, நீ படிக்காதே. உறையை ஒட்டவில்லை, பசை தீர்ந்துவிட்டது.

நெஞ்சுச் சளி நீங்கி, பரீட்சையில் வென்று நீடூழி வாழ்க. ஜன்னலைத் திற.

உன்னை மக்கு என்று சொன்ன,
உன் மாமா