பதிலுக்கு விட்ட இடைவெளி

பிராண்டே, டென்மார்க்
12 மார்கழி 1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

இங்கே பனி கொட்டுகிறது. மாதாவின் புண்ணியத்தில் எனக்குத் தடிமன் காய்ச்சல்கூட இல்லை. நீங்கள் இருவரும் அப்படியே சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தை வேலைத்தளத்தில் நின்றபடியே வாசித்தேன். நான் பேசி அனுப்பிய கசெற்றை இனிக் கேட்கமாட்டேன் என்று கிளோறியா அடம்பிடிக்கிறாளாமே. பல் விழுந்த கதையை அவள் சொல்லி முடிக்கமுன், சாப்பிட்டியா என்று நான் கேட்டுவிட்டேனாம். அப்பாவுக்குக் காது கேளாது என்றாளாம். முதலில் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அவள் பதில் சொல்லட்டும் என்றுதான் கசெற்றில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும் என்பது இந்த விஞ்ஞான வாத்தியாருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில், ஒரு புத்தகத்தில், கையால் கீறின பழைய படம் ஒன்று பார்த்தேன். தொலைபேசி பிறந்த காலத்தில் லண்டன் பகிடிப் பத்திரிகை ஒன்றில் வந்ததாம். இனி வரப்போகும் கருவி என்று கீறியிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் லண்டன் வீட்டில் இருக்கிறார்கள். சுவரில் மகள் தெரிகிறாள், அவளோடு கதைக்கிறார்கள். மகள் எங்கே என்று நினைக்கிறாய்? இலங்கையில்! கீறினவனுக்கு என்ன மூளை பார். ஆனால் மகளைத் தகப்பனிடம் அனுப்ப ஒரு குடிவரவுக் கந்தோர் சம்மதிக்கவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

அந்தக் கருவி 2000 ஆம் ஆண்டுக்குள் வந்துவிடும் என்று வகுப்பில் அடித்துச் சொன்னவன் நான். இப்போது எனக்கு அது வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

உங்களை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால், காத்திருங்கள் என்கிறார்கள். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணையும் மனைவிக்காக இப்படித்தான் காத்துக் கிடக்கிறார். கிளோறியாவுக்குப் போன வருசம் வாங்கிவைத்த பனிச்சப்பாத்து இனி அவளுக்கு அளவாக இராது.

எனக்கு ஒரு உதவி செய். பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்காவின் ரேப் ரெக்கோடரை இரவல் வாங்கு. நம்முடையதில் என் கசெற்றைப் போடு, அவருடையதில் பதிவு செய். நான் ஒரு கேள்வி கேட்டு முடித்ததும் என் குரலை நிறுத்திவிடு. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது. பல் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல். கோபத்தில் ஒன்றும் பேசாவிட்டாலும் பதிவை நிறுத்தாதே. அவள் பக்கத்தில் இருக்கிற சத்தமாவது எனக்கு வரட்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாதிருப்பாராக. அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவளிடம் சொல்.

உன் அன்புக் கணவன்
ஸ்ரிபன்