அன்று கற்பூரம் ஏற்றியது யார்

கோப்பெங்
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

லதா எழுதுகிறேன். நானும் துளசியும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. வீட்டில் இருந்த கைப்பேசிகளை எல்லாம் ஊழல் தடுப்பு அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வேறு போனில் பேசுவதும் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார் என்று உங்கள் டிரைவர் சதாசிவம் வந்து சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் சட்டமன்ற உறுப்பினர் அண்ணன் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

பவித்ரனை ஆரஞ்சு லாக்கப் உடுப்போடு பேப்பரில் பார்த்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. தோட்டப் பள்ளிக்கு மண்டபம் கட்டும் குத்தகையில் அவன் கம்பெனி கையூட்டு வாங்கியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உங்கள் மகன் என்றாலும் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை அண்ணே அவன். விட்டுவிட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் சோறு இறங்கியது. அவனிடம் மேற்பார்வை பார்த்த ஜெயபாலன் மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறாராம். அவர் மனைவி தினேஸ்வரி என்னோடு கையுறைத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நிற்பவள். என்னைப் பார்ப்பதில்லை.

இங்கே ஆளாளுக்கு நீதிபதி. தொழிற்சாலை பஸ்ஸில் உங்கள் கட்சிக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். போன தேர்தலுக்கு முன்னால் மற்றக் கட்சிப் பிரமுகரின் மருமகனை விசாரிக்கச் சொல்லி நீங்கள் வெயிலில் பதாகை பிடித்த வீடியோவை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிராப் தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நானும் தெரிகிறேன். அன்றைக்கு நீதி கேட்டவர்கள் இன்றைக்குப் பழிவாங்கல் என்கிறார்கள். அன்றைக்குப் பழிவாங்கல் என்றவர்கள் இன்றைக்கு நீதி கேட்கிறார்கள். "நீங்க எந்தப் பக்கம்க்கா?" என்று என்னையும் கேட்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

துளசியின் கல்யாணத்தை மறந்துவிடாதீர்கள். தை மாதம், பிப்ரவரி இரண்டாம் தேதி. எல்லார் கல்யாணத்துக்கும் உங்கள் ஆபீஸ் அனுப்பும் அந்த வாழ்த்துக் கடிதமும், உங்கள் பெயர்ச்சீட்டைப் பெரிதாகத் தொங்கவிட்ட மாலையும் எங்களுக்கு வேண்டாம். பெயர் போடாத மாலையோடு தாய்மாமனாக வந்து, அவள் கழுத்தில் போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போங்கள். அப்பா இல்லாத பிள்ளை.

அன்புத் தங்கை,
புஷ்பலதா


ஈப்போ
14.11.2024

அன்புத் தங்கச்சி லதாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படித்தாள். ஜன்னல் பக்கம் என்ற இடத்தில் பவித்ரன் சிரித்தான். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகிறது.

அதிகாரிகள் உன் வீட்டுக்கும் வந்ததை நீ எழுதவில்லை. வக்கீல் சொல்லித்தான் தெரியும். லதா, நீ அவர்களிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு எங்களுக்கு உயிர். செப்டம்பரில் ஒரு சாயங்காலம், ஈப்போவில் ஓர் உணவகத்தில், மண்டபத்துக்குச் சாமான் விற்றவன் கையூட்டு உறையைக் கொடுத்தானாம். மேசையில் பவித்ரனும் ஜெயபாலனும் இருந்தார்கள், வாங்கியது பவித்ரன் என்கிறான். அதே சாயங்காலம் பவித்ரன் உன் வீட்டில், காலமான உன் புருசனின் வருசப் படையலில் இருந்திருக்கிறான். மாப்பிள்ளைக்குக் கொள்ளி போட்டவன் அவன்தானே! நீயும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஆக ஜெயபாலன் தனியாகப் போய் இவன் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறான்.

கட்சித் தலைமை என் அழைப்பை எடுப்பதில்லை. நேற்றுவரை என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவர்கள், சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று அறிக்கை விடுகிறார்கள். வீட்டு வாசலில் கேமராக்காரர்கள். அண்ணி பின்வாசல் வழியாகத்தான் சந்தைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை செய்தியாளர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். "அந்த நேரத்தில் என் மகன் இறந்துபோன தன் மாமாவுக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தான்" என்று சொல்லப் போகிறேன். பிறகு எவன் வாய் திறப்பான் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு நான் வராமல் வேறு யார் வருவார்கள், பைத்தியக்காரி! பெயர்ச்சீட்டு கிடையாது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்பு அண்ணன்,
பத்துமலை


கோப்பெங்
1.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பேட்டியை டிவியில் பார்த்தேன். கற்பூரம் என்று சொன்னபோது உங்கள் குரல் கம்மியது. நான் டிவியை அணைத்துவிட்டேன். இதை எழுதக் கூடாது என்று பல முறை காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். முடியவில்லை.

பவித்ரன் அன்றைக்கு வரவில்லை அண்ணே.

இலை போட்டு, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் எல்லாம் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொள்ளி போட்ட பிள்ளை வராமல் படையலுக்குத் தீபம் காட்டக் கூடாது என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டால் எடுக்கவில்லை. குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில் துளசிதான், "அப்பாவுக்குப் பசிக்கும்மா, நான் காட்டுறேன்லா" என்று எழுந்து கற்பூரம் ஏற்றினாள்.

அப்புறம் தஞ்சோங் மாலிமிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "பவித்ரன் வந்தானா?" என்று முதல் கேள்வியே அதுதான். இரவல் பிள்ளை எத்தனை வருசத்துக்கு வருவான் என்று அவள் துக்க வீட்டிலேயே கேட்டவள். அவள் வாயில் விழக் கூடாது என்று, வந்தான், கற்பூரம் காட்டினான், வயிறார சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டேன். பெண்பிள்ளை தீபம் காட்டினாள் என்று தெரிந்தால், கல்யாணம் நெருங்கும் நேரத்தில் ஆயிரம் பேசுவார்கள்.

தீபாவளிக்கு அவள் என் வீட்டில் வந்து தங்கியிருந்தபோதுதான் அதிகாரிகள் வந்தார்கள். எனக்கு நேர் எதிரே நாற்காலியில் அவள். அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது அண்ணே. அவளிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் நீங்கள் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள்.

போன வாரம் தினேஸ்வரி சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பவித்ரன் அன்னிக்கு உங்க வீட்டுல சாப்பிட்டாருன்னா எங்க வீட்டுக்காரருதான் திருடன். முதலாளி கூப்பிட்டாருன்னுதான் அவரு கூடப் போனாரு. ஜாமீனுக்கு நிக்கக்கூட ஆளு வரமாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க, சாப்பிட்டாரா?" என்றாள். எழுந்து போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

பவித்ரனிடம் பேசுங்கள். அவனே போய் உண்மையைச் சொல்லட்டும். நான் சொல்வதைவிட அவன் சொன்னால் அவனுக்கு நல்லது.

தங்கை,
புஷ்பலதா


ஈப்போ
9.12.2024

லதாவுக்கு,

பவித்ரனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அண்ணி அன்றிலிருந்து சாமி அறையை விட்டு வெளியே வருவதில்லை.

நீ சொன்னதை மாற்றாதே. புதிதாகப் பொய் சொல் என்று நான் கேட்கவில்லை. ஏற்கனவே சொன்னதோடு சும்மா இரு என்றுதான் கேட்கிறேன். ஊர் முன்னால் நான் பேசிவிட்டேன். இப்போது நீ மாற்றினால், அப்பனும் மகனும் சேர்ந்து ஜோடித்தார்கள் என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? பேசினாலும் மாட்டிக்கொள்வேன், பேசாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன்.

இதில் நீதி எங்கே இருக்கிறது லதா? அந்தப் பிரமுகரின் மருமகன் மீது வழக்கு என்ன ஆனது? இன்றைக்கு அவன் ஜம்மென்று கோலா கங்சாரில் கட்சிக் கிளைத் தலைவனாக இருக்கிறான். என் பிள்ளை மட்டும் ஏன் உள்ளே போக வேண்டும்? ஜெயபாலன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் புருசன் போனபோது உன் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. என் மகன்தான் மொட்டை அடித்து, ஈர வேட்டியோடு குடம் உடைத்தான். அவனுக்குக் கல்லூரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எழுதாமல் வந்தான். இதையெல்லாம் சொல்லிக்காட்ட எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய். நாளைக்கு உனக்கு யார் கொள்ளி போடுவார்கள் என்று யோசித்தாயா?

அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தாய்மாமன் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டால் நான் எந்த முகத்தோடு வருவது?

பத்துமலை


கோப்பெங்
5.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைக்கு துளசியோடு ஈப்போவுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு அல்ல, அதிகாரிகளின் அலுவலகத்துக்கு. முன்னால் பொய் சொன்னதற்கு என் மீதும் வழக்கு வரலாமாம். வரட்டும். நான் அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டால், அதன் பிறகு நானும் நீங்களும் பேசவோ எழுதவோ கூடாதாம். தினேஸ்வரியின் வக்கீல் சொன்னார். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டது எல்லாம் நியாயம்தான். பவித்ரன் போட்ட கொள்ளிக்கு நான் சாகும்வரை கடன்பட்டவள். ஆனால் அந்தக் கடனை தினேஸ்வரி புருசனை வைத்து நான் எப்படிக் கழிப்பேன்? உங்கள் கட்சிப் பெண்கள் வந்து என்னோடு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த நாளே மற்றக் கட்சி இளைஞர்கள் பழக்கூடையோடு வந்து, உண்மையைச் சொல்லுங்கள் ஆண்டி, நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்காகவும் இதைச் செய்யவில்லை, தயவுசெய்து அப்படி நினைத்துவிடாதீர்கள். செய்தாலும் ஒரு கட்சி கைதட்டும், செய்யாவிட்டாலும் ஒரு கட்சி கைதட்டும். அதை நினைத்தால்தான் எனக்கு வாந்தி வருகிறது.

அந்த வீடியோவை நேற்றுத் திரும்பப் பார்த்தேன். "யார் வீட்டுப் பிள்ளையானாலும் விசாரி" என்று உங்கள் பதாகையில் இருக்கிறது. என் கையெழுத்து அண்ணே. நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் இந்த மேசையில் வைத்துச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளை என் மனதில் வரவேயில்லை.

எனக்குக் கொள்ளி போட யார் என்று கேட்டீர்கள். துளசி போடுவாள். படையலுக்குக் கற்பூரம் காட்டியவள் அதையும் செய்வாள். நாத்தனாரிடமும் நேற்றுப் போனில் சொல்லிவிட்டேன். கத்தினாள். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பவித்ரனிடம், அத்தைக்கு அவன் மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அந்தச் சாயங்காலம் அவன் பேசாமல் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கலாம் என்று மட்டும் தினமும் நினைக்கிறேன். நினைத்து அழுகிறேன்.

கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். அந்த இடம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
லதா


சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்
ஈப்போ
31.1.2025

திருமதி புஷ்பலதா அவர்கள்,
கோப்பெங்.

அம்மையீர்,

பொருள்: திருமண வாழ்த்து

தங்கள் இல்லத்தில் 2.2.2025 அன்று நடைபெறவுள்ள திருமண விழாவை முன்னிட்டு, மணமக்களுக்குத் தொகுதி மக்களின் சார்பிலும் என் சார்பிலும் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீதிமன்ற வழக்கு தொடர்பான தடை காரணமாக விழாவில் நேரில் கலந்துகொள்ள இயலாததற்கு வருந்துகிறேன்.

இத்துடன் மணமகளுக்கு மாலை ஒன்று ஓட்டுநர் சதாசிவம் வழி கொடுத்தனுப்பப்படுகிறது. வழக்கமாகக் கட்டப்படும் பெயர்ச்சீட்டு இம்மாலையில் கட்டப்படவில்லை.

நன்றி.

இப்படிக்கு,
க. பத்துமலை
சட்டமன்ற உறுப்பினர்