பதினாலாம் காடும் எலிஃபன்ட் பீச்சும்

பிப்ரவரி 11, செவ்வாய். சூரியநெல்லி

காலையிலிருந்து மூடுபனி. துவைத்தது எதுவும் காயவில்லை. கடலில் இறங்க மகள் பிரின்ஸி வாங்கி அனுப்பிய கறுப்பு உடை அடுப்புக்கு மேலே கொடியில் தொங்குகிறது. புகை நாற்றத்தோடுதான் இறங்குவேன் போல.

எடுக்க வேண்டியவை: தைலம், கைக்கட்டு, ஆதார், எலுமிச்சை ஊறுகாய், வாந்தி மாத்திரை (ரோ. அக்காவுக்கு).

அந்தமான் பயணம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் என்று மகள் அனுப்புகிறாள், இரண்டு பேருக்கு. இவர் நேரே போய்த் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார். அண்ணனும் அவர் மனைவி ரோ. அக்காவும் தங்கள் செலவில் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் வெள்ளிவிழா இப்போது நாலு பேருக்கு. அருளுக்குக் கல்யாணம் ஆனது என்னோடா அண்ணனோடா தெரியவில்லை.

அண்ணன் ஞானமுத்து. வீட்டில் எனக்கு மச்சான், மலையில் சூப்பர்வைசர். காலை பெரட்டில் ஆள் கூடியதும் கம்பை நீட்டி, யாருக்கு எந்தத் தேயிலைக் காடு, எந்தச் செடி நிரை என்று பிரித்து விடுவது அவர்தான். கொடுத்த நிரையை மாற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் அதைவிடச் செங்குத்தானது கிடைக்கும்.

முகமூடி மாட்டி மீன் பார்ப்பது பேக்கேஜில் ஒரே தடவை. இடம் நம் விருப்பம். ஹேவ்லாக் தீவில் எலிஃபன்ட் பீச் என்று பிரின்ஸி போனில் சொன்னாள். "அங்க கரை கிட்டயே மீன் தெரியும்மா. நீச்சல் வேண்டாம். நீ டயரப் பிடிச்சுக்கிட்டா ஆளு இழுத்துட்டுப் போவாரு. ஒன் கைக்கு அதுதான் சரி."

சாயங்காலம் மச்சான் வந்தார். கடலுக்கும் நிரை பிரித்தாயிற்று. "ஹேவ்லாக்ல மீன் பாக்க வேண்டாம். நீல் தீவுல பாப்போம். அங்கதான் தண்ணி தெளிவு." வேளாங்கண்ணியில் கால் நனைத்ததோடு சரி, மச்சானுக்குத் தண்ணீரின் தெளிவு தெரிகிறது. இவர் தலையை ஆட்டினார். போகும்போது வாசலில் நின்று, "பத்தொம்பதாந்தேதி வேலைக்கு வந்துரணும். ஒனக்குப் பதினாலாம் காடு" என்றார். என் கை உடைந்த காடு. வேண்டுமென்றே.

பிப்ரவரி 13, வியாழன்

இருட்டோடு கார். கொச்சி வரை ரோ. அக்கா வாந்தி. மாத்திரை வீண்.

ஏர்போர்ட்டில் சோதனை செய்த பெண்ணின் கருவி என் இடது மணிக்கட்டில் கத்தியது. உள்ளே தகடு என்றேன். எப்படி என்றாள். யானை துரத்தியது என்றேன். சிரித்தாள். பக்கத்து வரிசையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த மச்சான், "அதெல்லாம் இல்ல, சும்மா விழுந்துட்டா" என்றார்.

சும்மா விழவில்லை. இன்னொரு தடவை எழுதி வைக்கிறேன், என் மனது ஆறட்டும்.

போன மழைக்காலம். காட்டுக்குள் பெண்கள் போன் கொண்டுபோகக் கூடாது. யானை எங்கே நிற்கிறது என்று வனத்துறை வாட்சர்கள் விடியற்காலையில் அனுப்பும் மெசேஜ் சூப்பர்வைசர்களுக்குத்தான் வரும். அன்று பதினாலாம் காடு என்று வந்திருந்தது. மச்சான் எங்களை அங்கேதான் அனுப்பினார். கொழுந்து முற்றிவிடும் என்று மேலே இருந்து நெருக்கியிருப்பார்கள். எனக்கு மேல் நிரை. யூக்காலி மரங்களுக்குள்ளிருந்து கொம்பன் வந்தான். ஓடினேன். தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். கை போயிற்று.

ஆபீஸில் கேட்டபோது மச்சான் சொன்னது: போனில் சார்ஜ் இல்லை, மெசேஜைப் பார்க்கவே இல்லை. கூடவே ஒன்று: ஜெசி நிரையை விட்டுப் புதருக்குள் போனாள், அதனால்தான். அதுதான் நின்றது. லயத்து வீடுகளில் இன்றும் நான் நிரையை விட்டுப் போனவள். நான் போகவில்லை. இவரிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. "விடு, அண்ணன் வேணும்னேவா செய்வாரு?" என்பார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று பள்ளியில் படித்தது. எங்கள் ஊர் யானைக்கு மணி கிடையாது. மணி மச்சானின் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போதும் யாராவது மெசேஜைப் பற்றிக் கேட்டால், "பாத்தாச்சு, போ" என்பார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி. ஹேவ்லாக்

வெயில். வியர்வை. கப்பலில் ரோ. அக்கா மறுபடியும். இந்தப் பொம்பளை வயிற்றில் இன்னும் என்னதான் மிச்சம்.

கடல் நன்றாகத்தான் இருக்கிறது. மச்சான் முன்னால் நின்று மறைக்காத இடங்களில்.

அறையில் ஏ.சி. உண்டு. இவர் கம்பளி கேட்கிறார். மலைக்காரன் புத்தி.

படகு பதிவு செய்பவர் தமிழர். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். நாளை சாயங்காலத்துக்குள் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றார். எலிஃபன்ட் பீச் என்றேன். நீல் என்றார் மச்சான். படகுக்காரர் இவரைப் பார்த்தார். இவர் கடலைப் பார்த்தார்.

பிப்ரவரி 15, சனி

மீன் குழம்பில் புளி போதவில்லை. ஊறுகாய் கைகொடுத்தது.

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் மச்சான் ஹோட்டல் சமையல்காரரிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு இளநீர்க் கடையில். பிறகு ஆட்டோக்காரரிடம். தண்ணீர் தெளிவைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் படகுக்காரரிடமே கேட்டபோதுதான் காதில் விழுந்தது.

"அந்தப் பீச்சுக்குப் பின்னால காடுதான? ஆனை இருக்கா?"

படகுக்காரர் சிரித்தார். "அந்தக் காலத்துல மரம் இழுக்க வச்சிருந்தாங்கண்ணே. பேரு மட்டும் நின்னுருச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு ரெண்டு காட்டுக்குள்ள தங்கியிருக்கும்லா?"

அப்போது புரிந்தது. தெளிவும் இல்லை, நீலும் இல்லை. பயம். எங்களைக் கம்பால் தள்ளிவிடுகிற மனிதர், தான் கால் வைக்குமுன் ஒரு தீவையே விசாரித்திருக்கிறார்.

படகுக்காரர் கேலி செய்தார். "இவ்ளோ பயந்தா ஊர்ல எப்படிண்ணே வேல பாக்குறீங்க?"

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பயமில்ல தம்பி, கவனம். எங்களுக்குப் போன்ல மெசேஜ் வரும். எந்திரிச்சதும் அதத்தான் பாப்பேன். பாக்காம வாசப்படி தாண்ட மாட்டேன். மெசேஜ் வர ஆரம்பிச்சதுலருந்து ஒருநாள் தப்புனதில்ல."

ரோ. அக்கா கையிலிருந்த தேங்காய்ச் சில்லை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"ஒருநாள்கூடவா மச்சான்?" என்றேன்.

"ஒருநாள்கூட."

சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், போன் எங்கேயோ ஓடிவிடப் போகிறது போல.

கத்தவில்லை. "எலிஃபன்ட் பீச். நாலு பேருக்கும் எழுதுங்க" என்றேன். படகுக்காரர் வழக்கம்போல இவரைப் பார்த்தார். இவர், "எழுதுங்க" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அறைக்கு வந்ததும், "அண்ணன் சொன்னத நானும் கேட்டேன் ஜெசி" என்றார்.

கேட்டால் போதுமா? நான் மாதக்கணக்கில் சொன்னது காதில் ஏறவில்லை. அண்ணன் வாயால் வந்தால்தான் ஏறுகிறது. ஏ.சி.யைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தேன். நடுங்கட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. ஆண்டவர் மன்னிப்பார். நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

படகு. மச்சான் எல்லோருக்கும் கடைசியில் இறங்கினார். வயிறு சரியில்லை, தண்ணீரில் இறங்கவில்லை என்றார். ரோ. அக்கா இறங்கினாள். "நீ நிரைய விட்டுப் போகலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள், இடுப்பளவுத் தண்ணீரில், முகமூடியை மாட்டிக்கொண்டே. அன்றைக்கே தெரியுமாம். இப்போது சொல்கிறாள், பதில் சொல்ல முடியாதபடி என் வாயில் குழாயைச் செருகிய பிறகு.

வலது கையால் டயரைப் பிடித்தேன். இடது பக்கம் இவர். தகட்டுக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மீன்கள். மஞ்சள், நீலம், கோடு போட்டது. ஒரு குட்டி என் முகத்துக்கு நேரே வந்து பார்த்துவிட்டுப் போனது. சந்தோஷமாக இருந்தது என்று எழுத இஷ்டமில்லை. இருந்தது.

தலையைத் தூக்கியபோது கரையில் மச்சான் தெரிந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றார், திரும்பும் வரை அப்படியே. நல்லது. நாங்கள் தினமும் அப்படித்தான் கொழுந்து வெட்டுகிறோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீடு. குளிர். எலி அரிசிச் சாக்கைக் கடித்திருக்கிறது. பக்கத்து லயத்துப் பெண்கள் வந்தார்கள். சங்கு, மீன் படம், எல்லாம் காட்டினேன். அப்புறம், ஒருநாள்கூடத் தப்பாது என்று மச்சான் சொன்னதையும். சங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

பிப்ரவரி 19, புதன்

பெரட்டு. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. கம்பு நீண்டது.

"ஜெசி, பதினாலு. மேல் நிரை."

நகரவில்லை. "மொதல்ல போன எடுத்து வாசிங்க மச்சான்." மலையில் மச்சான் என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் சட்டம்.

"பாத்தாச்சு, போ."

"சத்தமா வாசிங்க."

எனக்குப் பின்னால் கொழுந்துக் கத்தரிகள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்படும் சத்தம். மருந்தடிக்கும் ஆட்களோடு நின்ற இவர் முன்னால் வந்தார். "ஒருநாள் தப்புனதில்லன்னு நீங்கதான சொன்னீங்கண்ணே. வாசிங்க."

போனை எடுத்தார். சார்ஜ் நிறைய இருந்தது.

வாசித்தார். "பதினாலாம் காடு. யூக்காலி ஓரம். தாயும் குட்டியும்."