ஆறும் சேவல்

அன்புள்ள பானுவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

இங்கே லோத்குண்டா தெருவில் பச்சையும் ரோஸுமாக விற்க வந்த ஆறு குஞ்சுகளை நாட்டுப் பெட்டை என்று நம்பி வாங்கினேன் அல்லவா? சாயம் போனதும் பார்த்தால் எல்லாம் வெள்ளை லெகார்ன், பண்ணைக் கோழி. ஐந்தாம் வாரமே கொண்டை சிவந்துவிட்டது.

"ஆறும் சேவல். முட்டைப் பண்ணையில கழிச்சதை உங்க தலையில கட்டிட்டான். கூவுற கோழி இங்க நக்கோ, வேணாம். குழம்பு வச்சிடுங்க" என்றார் வீட்டுக்காரர் சந்திரமோகன்.

முடியாது என்றேன். போலாரத்தில் கொல்லையோடு வீடு பார்த்துவிட்டேன், ஞாயிறு மாறுகிறேன். உன் தம்பி வரும்போது கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கொடுத்தனுப்பு.

நம் பெண் தேனு போனில் ஒரு குஞ்சுக்குத் தன் பெயரையே வைத்தாளே, அதுவும் சேவல்தான். அவளிடம் சொல்லாதே. இன்று காலை அது முதன்முதலாகக் கூவியது. "சும்மா இரு தேனு" என்று அதட்டினேன். அவளை நேரில் அதட்டி எட்டு மாதமாகிறது.

பஸ் வருகிறது.

கதிரேசன்