எல்லாம் நேராக நீந்தின

இன்று காலை மன்னவனூர் பேருந்தின் ஜன்னல் வழியே உருளைக்கிழங்குக் காட்டின் மருந்து வாடை வந்தது. கருகல் நோய்க்கு அடிக்கிற மருந்து. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. உன் முதல் வருடத் திதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

விடுதியில் ஒன்றாகத் தங்கிப் படித்தவர்கள் நாம். நான் கொடைக்கானல் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை ஆனேன். நீ பூண்டும் உருளையும் போடும் வீட்டுக்கு மருமகளாய்ப் போனாய். ஒரு சனிக்கிழமை, அட்டுவம்பட்டியில் என் வாசலில் இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு வந்து நின்றாய்.

"எங்க ஓடையில ரெண்டு வருசமா மீன்குஞ்சையே காணோம்டி. பெருசுக நீந்துதுக, முட்டையும் கெடக்கு. ஒரு பாட்டில் எங்க காட்டுக்கு மேல எடுத்தது, இன்னொண்ணு கீழ, மருந்து டேங்க் கழுவுற எடத்துல. எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீயே பாத்துச் சொல்லு."

என் கல்லூரி ஆய்வகத்தில் பாடத்துக்காக வரிமீன்கள், உடம்பில் கோடு போட்ட விரலளவு மீன்கள், வளர்த்துவந்தோம். மறுநாள் அவை இட்ட முட்டைகளை இரண்டு தண்ணீரிலும் பிரித்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை நீ மறுபடி வந்தாய்.

முதல் கிண்ணத்து முட்டையை நுண்நோக்கியில் வைத்துக் கொடுத்தேன். கடுகளவு கண்ணாடி உருண்டை. உள்ளே இரண்டு கரிய கண்கள், சுருண்ட வால், விடாமல் துடிக்கும் இதயம், வரிசையாக ஓடும் ரத்த அணுக்கள். குனிந்த நீ வெகுநேரம் நிமிரவேயில்லை.

"யாரு சொல்லி இது துடிக்க ஆரம்பிச்சது?" என்றாய்.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவள் நான். ஒருநாளும் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. உன்னை நகரச் சொல்லிவிட்டு நானும் பார்த்தேன்.

இரண்டாவது கிண்ணத்தில் பாதி முட்டைகள் வெளுத்துச் செத்திருந்தன. உயிரோடிருந்தவற்றின் முதுகு வளைந்திருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இதயம் நின்று நின்று துடித்தது.

"இதுதான் கீழ எடுத்த தண்ணி" என்றாய்.

"ஒரு பாட்டிலை வச்சு முடிவா எதுவும் சொல்ல முடியாதுடி."

"சரி. ஆனா டேங்கை அங்க கழுவுனது நான்தான்."

அதன்பின் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாமல் காட்டுக்குள்ளேயே தெளித்தாய். ஓடையோரத்துப் பாத்திகளுக்கு மருந்தே வேண்டாம் என்றாய். அவை கருகிப் போயின. உன் கொழுந்தன் கொதித்துப் போனார். "மீனைப் பாத்தா நாம என்னத்தைத் திங்கிறது மதினி?"

"அந்தப் பாத்தியில இனி ஒண்ணும் போட வேணாம். புல்லு வளரட்டும்" என்றாய். வீட்டில் ஒரு மாதம் யாரும் உன்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து போனில் கூப்பிட்டாய். "நாளைக்கு வெள்ளனே கெளம்பி வா." ஓடை மடுவில், நூல் துண்டுகளை அள்ளி வீசியதுபோல் குஞ்சுகள். ஆயிரமோ, இன்னும் அதிகமோ. சேலை நனைவது தெரியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டாய்.

"பாருடி, எல்லாம் நேரா நீந்துது."

மருந்து குறைந்ததாலா, மழை கூடியதாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று அதை யோசிக்கவும் தோன்றவில்லை.

போன வருடம் நான்கே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இன்று திதி முடிந்ததும் உன் கொழுந்தன் என்னை ஓடைக்குக் கூட்டிப்போனார். புல் இடுப்பளவு நின்றது. "மதினி விட்ட எடமுங்க. நான் கை வைக்கலைங்க" என்றார்.

உன்னிடம் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுமுன் என் கையைப் பிடித்துக் கேட்டாய், "அந்த வளைஞ்சதுகளுக்கு வலிக்குமாடி?" என்று. தெரியவில்லை என்றேன். இப்போது என் மாணவிகளும் அதையே கேட்கிறார்கள். தெரியாது என்றுதான் அவர்களிடமும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் நானும் குனிந்து பார்க்கிறேன்.