முப்பதாம் வரியில் தாய்மாமன்

சிம்மக்கல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு அப்பா அருள்பாண்டி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை மூவரும் சுகம், கடையில் ரிப்பேருக்கு வந்து கிடக்கிற ஆம்ப்ளிபயர்களுக்குத்தான் சுகமில்லை. கிளாஸ்கோ குளிரில் நீயும் நலமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தாய், உன் அம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை. போனில் சொல்லலாம்தான், நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

உன் தங்கை பாண்டீஸ்வரி காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் மண்டபத்தில் நடந்தது. உன் பரீட்சைப் பாட்டுக்காக நீ சொன்னபடியே அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். டிவியில் மாட்டி, காசெட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி, பின்னால் அதைப் பேச வைக்கிற பேச்சுப் பெட்டியைச் சொருகி, மைக்செட் விருமாண்டியின் ஆம்ப்ளிபயரில் இணைத்தேன். சீர் கொண்டுவருகிறவர்களை அது தாளத்தோடு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வாசலில் உறுமி அடிக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து பதிவாக வேண்டும், அதுதானே மகாராணியின் உத்தரவு. எல்லாம் சரியாகத்தான் போனது, அது வாயைத் திறக்கிற வரைக்கும். சீர்த்தட்டுகளோடு உன் மாமா சிவபாண்டி முன்னால் வர, அது முதலில் நல்லகாமன் என்றது, அடுத்து முத்திருளன் என்றது, உன் பெரியப்பாக்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு மூன்றாவதாகத்தான் சிவபாண்டி என்றது. ஏன்டி, இருபது வயசு ஆகப்போகிறது, காதுகுத்தில் தாய்மாமனை முதலில் கூப்பிட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? எனக்கும் தோன்றவில்லை என்பதை உன் அம்மா அன்றிலிருந்து வேளைக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ வேறு ஆரம்பிக்காதே.

மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், நல்ல நேரம் முடிய இருபத்தைந்து நிமிஷம்தான். "எவன்டா அவன், மாட்டுத்தாவணில பஸ்ஸு பேரு சொல்ற மாதிரி எம் பேரச் சொல்றது"ன்னு கேட்டார். நான் ஓடிப்போய், மச்சான், அது பவதாரிணி எழுதின வரிசை, தாளம் ஓடிவந்து இறங்குகிற இடத்தில் உங்களை வைத்திருக்கிறாள், பாட்டில் அதுதான் பெரிய இடம் என்று விளக்கினேன். "எறங்குற எடம் கெடக்கட்டும் மாப்ள, நான் இன்னும் ஏறவே இல்லயே"ன்னார். உன் பேரைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் இறுகியதைப் பார்த்தேன். பாட்டுப் படிக்க அம்புட்டு தூரம் எதுக்கு என்று அவர் கேட்டது தப்புதான், அதற்கு நீ வெடுக்கென்று பதில் பேசிவிட்டு, சொல்லாமல்கூட விமானம் ஏறியதும் தப்புதான். ரெண்டு வருஷமாக இரண்டு பேரும் பேசவில்லை, நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

விருமாண்டி "அண்ணே, பிளக்கப் புடுங்கிவிட்டுரவா?"ன்னான். புடுங்கினால் மறுபடி காசெட் ஓடி ஏற அஞ்சு நிமிஷம், அவன் கையைத் தட்டிவிட்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு வரி எண்தான் முறை, பத்தாம் வரியும் இருபதாம் வரியும் பெரியப்பாக்கள், முப்பதாம் வரி மாமா. சின்ன எண்தான் முதலில் ஓடும், அதனால் முப்பதை அழித்து, ஐந்து என்று போட்டுத் திரும்பத் தட்ட ஆரம்பித்தேன். தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு மாமா பின்னால் வந்து நின்றார். பேச்சுப் பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்குத் தமிழும் தெரியாது சொல்லும் தெரியாது, துண்டு துண்டாகச் சத்தம்தான் தெரியும், அதைக் கோத்துத்தான் ஒரு பேர் என்று சொன்னேன். டிவியில் விரல் வைத்து எண்ணினார், ஒன்பது. "எம் பேருக்கு இம்புட்டா? இதப் பூராம் அவளா தட்டுனா?"ன்னார். லீவில் வந்தபோது உங்கள் பேருக்கு மட்டும் மூணு நாள் உட்கார்ந்தாள், 'பா' சரியாக விழவில்லை என்று சோறுகூடத் திங்கவில்லை என்றேன். மாமா தட்டை வாங்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய், மொத்தச் சீரையும் முதலிலிருந்து வரச் சொன்னார்.

வரிசை மாறியதால் உன் தாளம் நொண்டியது, மறைக்க மாட்டேன். உறுமி சோணை "மிசினு நொண்டுதுண்ணே, நான் தாங்கிக்கிறேன்"ன்னு இடையில் விழுந்த ஓட்டையை அடித்து நிரப்பினார். எனக்கென்னவோ நீ போட்டதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. பதிவை அனுப்பியிருக்கிறேன், நடுவில் மாமா "இன்னொருக்கச் சொல்லச் சொல்லு மாப்ள" என்று கத்துவது கேட்கும், அதை வெட்டினால் உன் பரீட்சையில் நீ பெயில் என்று நானே எழுதிப் போடுவேன். பாண்டீஸ்வரி அவர் மடியில்தான் உட்கார்ந்தாள், அழவில்லை, அவர்தான் கண்ணைத் துடைத்தார், மண்டபத்தில் புகை என்றார்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார், அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். "மிசினு எம் பேரச் சொல்லிருச்சு மாப்ள. பேரச் சொல்ல ஊரே கெடக்கு. மாமான்னு கூப்புட அவதான இருக்கா."

நல்லா இரு தாயி, நினைத்தது கைகூடி, படிப்பு முடித்து, நோய்நொடி இல்லாமல் ஊர் வந்து சேர். குளிருக்குத் தலையில் துணி கட்டு. மாமா காலையில் ஏழு மணிக்கெல்லாம் டீ குடித்துவிட்டுச் சும்மாதான் இருப்பார், உன் ஊர் நேரத்தை நீயே கணக்குப் போட்டுக் கூப்பிடு. எடுத்ததும் அந்தப் பக்கம் சத்தமே வராது. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, அவர் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
அருள்பாண்டி